கறுப்புக் கட்டத்துக்குள் உன் சின்னம்மா

தம்பி,

நலமா என்று கேட்டு இதை ஆரம்பிக்கப் போவதில்லை. நலமில்லை என்று எனக்கே தெரியும். போனில் கேட்டால் "ம்" என்கிறாய். இன்னும் கொஞ்சம் கேட்டால் "அப்புறம் பேசுறேம்மா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி நடுவில் வைத்துவிட முடியாது என்பதால் கடையிலிருந்து கடதாசி வாங்கி வந்து உட்கார்ந்திருக்கிறேன். உன் அப்பா நாளைக்கு வெலிமடையிலிருந்து லீக்ஸும் கரட்டும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு லொறி கொண்டுவருகிறார். மரக்கறி மூட்டைகளோடு இதுவும் உன் கைக்கு வந்துவிடும். வாசித்த பிறகு உன் பத்திரிகை ஆசிரியை அம்மாவிடமும் கொடு. அவருக்கு அச்சிட மனம் வந்தால் அச்சிடட்டும். பதுளையிலிருந்து மடுல்சீமை வரை சிரித்து முடித்த விஷயத்தை இனி மூடி வைத்து என்ன ஆகப்போகிறது?

அடுத்த மாதத்திலிருந்து பத்திரிகை வேலையை விட்டுவிட்டு ஒரு போன் கம்பெனிக்கு விளம்பரம் எழுதப் போகிறாய் என்று அப்பாதான் சொன்னார். என்னிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. விளம்பரம் எழுதுவது இழிவான வேலை என்று நான் சொல்ல மாட்டேன். உழைத்துச் சாப்பிடுகிற எந்த வேலையும் இழிவில்லை. ஆனால் நீ அந்த வேலைக்கு ஆசைப்பட்டுப் போகவில்லை. எங்களுக்குப் பயந்து ஓடுகிறாய். "நம்ம ஆட்களப் பத்தி இனி ஒரு வரி எழுத மாட்டேன்" என்று அப்பாவிடம் சொன்னாயாமே, அதுதான் என்னை இந்தக் கடிதம் எழுத உட்கார வைத்தது. அதனால் அன்றைக்கு மடுல்சீமையில் என்ன நடந்தது என்பதை முதலில் ஒழுங்காகச் சொல்கிறேன். என் அண்ணன், உன் பெரிய மாமா, உன்னைத் திட்டியதுதான் உனக்குத் தெரியும். திட்டுகிற ஆள் முழுக் கதையையும் சொல்ல மாட்டார்.

உன் பத்திரிகை மாதா மாதம் பதுளையில் நான் வேலைக்கு நிற்கிற புத்தகக் கடைக்கு வருவது உனக்குத் தெரியும். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கடைக்கு யார் வருவார்கள்? ராசிபலன், பரீட்சை வினாத்தாள், சினிமாப் புத்தகம், அதிர்ஷ்ட லாபச் சீட்டு, இவ்வளவுதான் ஓடும். உலகத்து விஷயமும் கலை விஷயமும் பக்கம் பக்கமாக எழுதுகிற உன் பத்திரிகை நாலைந்து பிரதி வந்தால் பாதி திரும்பிப் போகும். நானா என்று நாங்கள் கூப்பிடுகிற முதலாளி என்னைக் கேலி செய்வார். "தங்கச்சி, ஒங்கட மகன்ட புத்தகத்துக்கு நான் வாடகை வாங்கணும். வந்தா போக மாட்டேங்குது" என்பார். நானும் சிரித்துக்கொள்வேன். ஆனால் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் நான் அதைத்தான் வாசிப்பேன். கென்யாவில் கொழுந்து பறிக்கிற மெஷின் வந்தபோது அங்கே தோட்டத்துப் பெண்கள் என்ன செய்தார்கள் என்று ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள், ஞாபகமா? அதை ஹாலிஎலயிலிருந்து வந்த ஒரு யூனியன்காரர் வாங்கிப்போனார். அடுத்த கிழமை மறுபடி வந்து இன்னொரு பிரதி கேட்டார். முதலாவது தோட்டத்து வீட்டு வரிசைகளில் லயம் லயமாகப் போய் எங்கே நிற்கிறதென்று தெரியவில்லையாம். நமக்கு நாளைக்கு வரப்போகிற பிரச்சினை அங்கே நேற்றே வந்துவிட்டதென்று அந்த மனிதருக்கு வேறு யார் சொல்லியிருப்பார்கள்?

நீ ராணி சின்னம்மாவைப் பற்றி எழுதின இதழ் வந்த காலையில் நான் ஒரு வேலை செய்தேன். கட்டை அவிழ்த்து, உன் பெயரைத் தேடி, பக்கத்தைத் திருப்பினால் என் தங்கச்சியின் முகம். எனக்குத் தலைகால் புரியவில்லை. மற்றப் புத்தகங்கள் அட்டை தெரியத் தொங்கும். இதை மட்டும் அந்தப் பக்கத்தை விரித்து, இரண்டு கிளிப் போட்டு, கடை முகப்பில் நடுவில் தொங்கவிட்டேன். பஸ்ஸில் போகிற சனமெல்லாம் பார்க்கட்டும் என்று. நானா வந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா பாக்க ஒரு மாதிரியா இருக்கே தங்கச்சி" என்றார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

நானா பார்த்ததை இப்போது நீயும் பார். முட்டை வடிவத்தில் வெட்டின ஒரு படம். படத்தில் சிரிப்பில்லை. சுற்றி தடித்த கறுப்புக் கட்டம். மேலே பெரிய எழுத்தில் 'ஒரு பயணத்தின் முடிவு'. கீழே 'செல்வராணி, மடுல்சீமை'. கொழும்பில் பக்கம் வடிவமைக்கிற பிள்ளைக்கு அது அழகு. எங்களுக்கு? தோட்டத்து ஆளின் படம் பேப்பரில் எப்போது வந்திருக்கிறது, சொல்லு. முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு வரும். வருஷ நினைவுக்கு வரும். மண் சரிந்து லயம் மூடினால் வரும். செத்தவர் படத்தைத்தான் நாங்கள் பேப்பரில் பார்த்திருக்கிறோம். உயிரோடு இருக்கிற நம்மவள் ஒருத்தியின் முகத்தை இவ்வளவு பெரிதாக யாரும் போட்டதில்லை. நீதான் முதலில் போட்டாய், அதில்தான் வந்தது வினை.

பெரிய மாமாவின் மருமகன் பசறை பஸ்ஸில் போகும்போது ஜன்னலால் இதைப் பார்த்திருக்கிறான். பஸ் ஓடிக்கொண்டிருந்தது, கட்டமும் முகமும் பெயரும்தான் கண்ணில் பட்டது. உடனே ஹாலிஎலயில் இருக்கிற மாமாவுக்குப் போன். மாமா ராணிக்கு எடுத்துப் பார்த்தார், போன் போகவில்லை. அவள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள், அங்கே எந்தக் காலத்தில் சிக்னல் இருந்தது? சித்தப்பாவுக்கும் எடுத்தார், அவர் வெலிமடைப் பக்கம் கிழங்குத் தோட்டத்தில் கூலிக்கு நின்றார், எடுக்கவில்லை. அவ்வளவுதான், மாமாவுக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. ஒரு வேன் பிடித்து, வீட்டுப் பெண்களையெல்லாம் ஏற்றி, பதுளையில் இறங்கி மாலை வாங்கினார். பிணத்துக்குப் போர்த்துகிற பிறந்த வீட்டுக் கோடியென்று ஒரு சேலையும் வாங்கினார். பிறகு நம் கடை வாசலில் வந்து நின்று, "ராணி நம்மள விட்டுட்டுப் போயிட்டாம்மா" என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? என் தலைக்கு மேலே அவள் படம் தொங்குகிறது. அந்தக் கட்டுரை முழுவதையும் காலையில் வாசித்தவள் நான். அப்படியிருந்தும் "ஐயோ" என்று தலையில் அடித்துக்கொண்டு வேனில் ஏறினேன். யார் சொன்னது, எப்படித் தெரியும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம் ஆட்களிடம் அந்தப் பழக்கமே இல்லையே. கேதம் சொல்ல வந்தவரிடம் மறுகேள்வி கேட்பது மரியாதையில்லை. எப்போது எடுக்கிறார்கள் என்று மட்டும்தான் கேட்கலாம். அதைத்தான் நானும் கேட்டேன். "எப்ப எடுக்கிறாங்கண்ணே?" மாமா, "போயித்தான் கேக்கணும்" என்றார். எனக்கு அதுவும் போதுமாக இருந்தது.

பசறை தாண்டி மேலே ஏறுகிற பாதை எப்படிக் கிடக்கிறதென்று உனக்குத் தெரியும். வேன் ஒவ்வொரு குழியில் விழும்போதும் அழுகை விட்டு விட்டு வந்தது. லயத்துத் திருப்பத்தில் வேன் வந்ததும் எல்லோரும் சேர்ந்து குரல் எடுத்தோம். லயத்தில் இருந்தவர்கள் வேலைக்குப் போகாத வயசாளிகளும் கைப்பிள்ளைக்காரிகளும்தான். அவர்கள் எங்களைப் பார்த்து வெலவெலத்துப் போனார்கள். காலையில் ராணி மலைக்குப் போனதை அவர்கள் கண்ணால் கண்டவர்கள். மலையில் ஏதோ ஆகிவிட்டது, தங்களுக்குத்தான் இன்னும் தகவல் வரவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். "குளவியாத்தான் இருக்கும்" என்று ஒரு கிழவர் சொன்னார். அடுத்த நிமிஷம் "குளவி கொட்டிருச்சாம்" என்று ஆனது. கொஞ்ச நேரத்தில் எந்த மரத்துக் குளவி என்பது வரைக்கும் வந்துவிட்டது. நாங்கள் கொண்டுபோனது ஒரு பொய்தான், அதற்குக் கை கால் வைத்துக் கொடுத்தது அந்த லயம். ஒருவரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை, தம்பி. துக்கத்தில் இருக்கிறவர்களுக்கு உதவி செய்யத்தான் பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்து மாலைக் கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வெறும் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு ராணி வருகிறாள். தன் வீட்டு வாசலில் கூட்டம், ஒப்பாரி, அண்ணன் கையில் மாலை. தன் பிள்ளைக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, சாக்கை வீசிவிட்டு, "ஐயோ என் தங்கமே" என்று கதறிக்கொண்டு ஓடிவந்து எங்கள் நடுவில் விழுந்தாள். நாங்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு அழுகிறோம், யார் வந்து விழுந்தார்கள் என்று யார் பார்த்தது? பெரிய மாமி அவளைக் கட்டிக்கொண்டு, "கடல் தாண்டிப் போயி சம்பாரிச்சவளே, கட்டின வீட்ட விட்டுட்டுப் போனியே" என்று அவளிடமே அவளுக்காக அழுதாள். ராணியும் சேர்ந்து அழுதாள். பிறகுதான் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மாமியின் காதில் கேட்டாள்: "யாருக்கு மதினி? யாரு போனது?"

மாமி கட்டிப்பிடித்திருந்த கையை விட்டுவிட்டு, கண்ணைத் திறந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

மாமாவுக்கு முதலில் உயிர் வந்தது, உடனே கோபம் வந்தது. "பேப்பர்லயே போட்டிருக்கு! ஒன் கடையிலதான் தொங்குது!" என்று என் மேல் பாய்ந்தார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. "அண்ணே, அது தம்பி எழுதினது. நம்ம ராணி வெளிநாட்டுல பட்ட கஷ்டத்தப் பத்தி" என்றேன். "கஷ்டத்துக்கு எதுக்குடி கறுப்புக் கட்டம்?" என்றார். அதற்குப் பதிலை நீயும் உன் ஆசிரியை அம்மாவும் கொடுத்துக்கொள்ளுங்கள். உயிரோடு இருப்பவளுக்கு வாங்கின கோடியை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாதென்று மாமி அழ, கடைக்குத் திருப்பிக் கொடுக்கவும் கூடாதென்று இன்னொருத்தி சொல்ல, அது வேனிலேயே கிடந்து கடைசியில் வேன்காரன் தலையில் விழுந்தது. லயத்துக் கிழவர் மட்டும், "செத்ததாச் செய்தி வந்தா ஆயுசு கெட்டிம்மா" என்று ராணிக்கு ஆசீர்வாதம் செய்தார். குளவிக் கதையை முதலில் சொன்னவர் அவர்தான்.

மறுநாள் நீ கொழும்பிலிருந்து ஓடிவந்தாய். மாமா எல்லோருக்கும் முன்னால் உன்னைப் பேசினது எனக்கு இன்னும் வலிக்கிறது. "பேனா புடிச்சா என்ன வேணும்னாலும் எழுதிருவியா? நம்ம வீட்டுப் பொம்பளய ஊர் பாக்கப் போட்டு, அவள உசிரோட சாகடிச்சிட்டியேடா" என்றார். நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். சின்னம்மாவிடம் போய், "மன்னிச்சிருங்க சின்னம்மா" என்றாய். அவள் உன் முகத்தைப் பார்க்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் உன் முகம் செத்துப்போனது. நீ அப்படியே போய் அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டாய். அந்தத் திரும்பல்தான் உன்னைப் பத்திரிகையை விட்டே துரத்துகிறதென்று எனக்குத் தெரியும். மாமா திட்டியதை நீ தாங்கியிருப்பாய்.

போன பௌர்ணமிப் போயா லீவில் நான் மடுல்சீமைக்குப் போனேன். போகும்போது அந்த இதழையும் எடுத்துக்கொண்டு போனேன். ராணி என்னைப் பார்த்ததும், "கொண்டாந்தியா?" என்று கேட்டாள். அத்தனை ரகளைக்குப் பிறகும் அதில் என்ன எழுதியிருக்கிறதென்று அவளுக்கு யாரும் வாசித்துச் சொல்லவில்லையாம். எப்படி இருக்கிறது பார்! படத்துக்காக ஊரே அழுதது, சண்டை போட்டது. எழுத்தை என்னைத் தவிர ஒருவரும் தொடவில்லை. வாசலில் பாய் போட்டு, ப்ளேன்டீ ஊற்றி வைத்துக்கொண்டு நான் உரக்க வாசித்தேன்.

ஆரம்பத்தில் ராணி வீட்டு வேலைக்குப் போயிருந்த நாட்டில் ஏன் சண்டை வந்தது, யார் யாருக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்று நீ எழுதினதில் கொஞ்சம் தடுக்கி விழுந்தேன். 'புவிசார் அரசியல்' என்று போட்டிருக்கிறாயே, அதை மடுல்சீமையில் எப்படிச் சொல்வதடா? "பெரிய நாட்டுக்காரங்க சண்டைய அடுத்தவன் வாசல்ல போடுறாங்களாம்" என்று சொல்லிச் சமாளித்தேன். ராணி தலையாட்டினாள். பிறகு பெய்ரூத்தில் குண்டு விழத் தொடங்கியதும் வீட்டுக்காரி அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளோடு மலைப்பக்கம் போன இடம் வந்தது. அந்த மாடிப்படி, அந்தப் பூட்டு, தண்ணீர் நின்றுபோன குழாய். ஒரு பக்கம் முடிந்து நிமிர்ந்து பார்த்தால் பக்கத்து வீட்டுப் பெண்களெல்லாம் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி குவைத்தில் இருந்தவள். இன்னொருத்தி சவூதி. "எங்க வீட்லயும் அப்படித்தான் பூட்டுவாங்க" என்று ஒருத்தி ஆரம்பித்தாள். அந்த லயத்தில் பக்கத்துப் பக்கத்துக் கதவில் இத்தனை வருஷம் இருந்தவர்கள், இதை ஒருவரிடம் ஒருவர் சொன்னதே இல்லை.

அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கியது. பேப்பரில் நான் தினமும் பார்க்கிற செய்தி, பெய்ரூத்தில் குண்டு, இத்தனை பேர் பலி என்று நாலு வரியில் முடிந்துவிடும். போனில் வருகிற வீடியோ காலையில் எல்லோரும் செத்துவிட்டதாகச் சொல்லும், மத்தியானம் எல்லோரும் பிழைத்துவிட்டதாகச் சொல்லும். அதில் எதிலும் பூட்டின வீட்டுக்குள் நின்ற மடுல்சீமைக்காரி இல்லை. நீ பல மாதம் அலைந்து, அவளிடம் போய் உட்கார்ந்து, ஏஜென்சிக்காரனிடம் கேட்டு, தூதரகத்தில் கேட்டு எழுதினதில் அவள் இருக்கிறாள். நாங்கள் ஒரு கேள்வி கேட்காமல் வேன் ஏறினவர்கள். நீ கேட்டவன். மாமா எவ்வளவு கத்தினாலும் அந்த வித்தியாசம் இல்லையென்று ஆகிவிடாது. படம் போட்ட விதம் தப்பு, அதைத் திருத்துங்கள். ஒரு கட்டம் தடித்துப் போனதற்காக ஒருவன் பேனாவைத் தூக்கி எறிவானா?

வாசித்து முடித்ததும் ராணியிடம் கேட்டேன். "அன்னைக்கு அவன் வந்து நின்னப்ப ஏண்டி மூஞ்சியத் திருப்பிக்கிட்ட? புள்ள ஒடஞ்சு போயிட்டான்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். "அக்கா, எனக்குச் சிரிப்பு வந்துருச்சு" என்றாள். "அண்ணன் அவ்வளவு கோவத்துல நிக்குது. மதினி மூக்கச் சிந்திக்கிட்டு இருக்கு. அந்தப் பய மூஞ்சியப் பாத்தா சத்தமாச் சிரிச்சிருவேன்னுதான் முந்தானைய வாய்க்குள்ள வச்சுக்கிட்டுத் திரும்பிக்கிட்டேன். கோவமா? அவன் மேல எனக்கு என்ன கோவம்?"

கேட்டுக்கொள், தம்பி. நீ வேலையை விடுவதற்குக் காரணமாயிருந்த கோபம் ஒரு சிரிப்பு. நீ ஊரெல்லாம் கேள்வி கேட்கிறவன், அவளிடம் மட்டும் கேட்காமல் பஸ் ஏறிவிட்டாய். நீயும் எங்கள் வீட்டுப் பிள்ளைதான் என்பதை அங்கே காட்டிவிட்டாய்.

பிறகு அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "செத்தா என்ன சொல்லி அழுவாங்கன்னு யாருக்கும் தெரியாது. நான் என் காதால கேட்டுட்டேன்க்கா. கடல் தாண்டிப் போனவளே, சம்பாரிச்சவளே, வீடு கட்டினவளேன்னுதான் அழுதாங்க. அங்க நான் எப்படி இருந்தேன், என்ன பாத்தேன், ஒருத்தரும் சொல்லி அழுவல. எப்படிச் சொல்லுவாங்க? யாருக்கும் தெரியாது. திரும்பி வந்து இவ்வளவு நாளாச்சு, நீகூட எவ்வளவு கொண்டாந்தன்னு கேட்ட, ஒடம்பு எப்படின்னு கேட்ட. அவன் ஒருத்தன்தான் வந்து ஒக்காந்து, 'அந்த ஜன்னல்ல இருந்து பாத்தா என்ன தெரியும் சின்னம்மா'ன்னு கேட்டான்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. என் கூடப் பிறந்தவள். அவள் கொண்டுவந்த சோப்பையும் போர்வையையும் வாங்கிக்கொண்டேன். ஜன்னலைப் பற்றிக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

உன் எழுத்தில் அவளுக்கு ஒரு குறையும் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன், உனக்குப் பயன்படும். "நான் பயந்தத, அழுதத எல்லாம் சரியா எழுதிட்டான். ஆனா நான் அங்க சிரிச்சேன்ல? அத எங்க?" என்றாள். பக்கத்து வீட்டில் வேலை செய்த எத்தியோப்பியாக்காரி பூட்டை உடைத்து இவளை வெளியே எடுத்தாளே, அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே சமையலறையில் இருந்தார்களாம். அவள் கோப்பிக் கொட்டையைச் சட்டியில் வறுத்து, புகையைக் கையால் தள்ளி இவள் மூக்குக்கு அனுப்புவாளாம். அவர்கள் ஊரில் அது மரியாதையாம். இவள் தேயிலைதான் உசத்தி என்பாளாம். இவளுக்கு அவள் மொழி தெரியாது, அவளுக்கு இவள் மொழி தெரியாது, வீட்டுக்காரியிடம் பொறுக்கின அரபிச் சொற்களை வைத்துக்கொண்டே கோப்பியா தேத்தண்ணியா என்று சண்டை போடுவார்களாம். வெளியே குண்டு விழுகிற சத்தம். சத்தம் கேட்டால் சண்டையை நிறுத்துவார்கள், நின்றதும் விட்ட இடத்தில் தொடங்குவார்கள். ராணி அந்தப் பெண்ணைப் போல நின்று, இடுப்பில் கை வைத்து, சட்டியை ஆட்டிக் காட்டினாள். லயத்துப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். உலகம் என்றும் கலாசாரம் என்றும் உன் பத்திரிகை அட்டையில் போட்டிருக்கிறதே, அது இதுதானே?

நீ அவளிடம் இதைக் கேட்கவில்லை. துக்கத்தைத் தேடிப் போனவன், துக்கம் கிடைத்ததும் எழுந்து வந்துவிட்டாய். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. முதல் தடவை அப்படித்தான் ஆகும். நமது ஆட்களைப் பற்றி வெளியில் எழுதுகிற எல்லோரும் அழுகையோடு திரும்பிப் போய்விடுகிறார்கள், பார்த்தாயா? அதை வாசித்து வாசித்து நாங்களே எங்களை அழுகிற சனம் என்று நினைத்துக்கொண்டோம். நீ இரண்டாம் தடவை போனால் மீதியைக் கேட்பாய். இரண்டாம் தடவை அவள் படத்தைப் போட்டால் யாரும் வேன் பிடிக்க மாட்டார்கள். சிரிக்கிற படமாகப் போடு, போதும்.

இனிச் சொல்வதற்குத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன். ராணி மறுபடி போகிறாள். ஜோர்தானுக்கு. போன மழைக்கு லயத்துக்குப் பின்னால் நிலம் வெடித்துவிட்டது, அந்த வரிசையில் இனி யாரும் படுக்கக் கூடாதென்று வந்து பார்த்தவர்கள் சொல்லிவிட்டார்கள். வெளிநாட்டுக் காசில் அந்த வரிசையிலேயே கட்டின வீட்டை விட்டுவிட்டு இன்னொன்று கட்ட வேண்டும். தடுத்துப் பார்த்தேன், சித்தப்பாவும் தடுத்தார், அவள் கேட்கவில்லை. இந்த மாதக் கடைசியில் பயணம். அந்தப் பக்கத்து வானத்தில் இப்போது என்ன பறக்கிறதென்று உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

நான் புறப்படும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "போறதுக்கு முன்னாடி அவன ஒருக்கா வரச் சொல்லுக்கா. பாதியக் கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டான். மீதிய நான் இருக்கறப்பவே சொல்லிரணும். போன எடத்துல ஒண்ணு ஆயிருச்சுன்னா, நீங்க மறுபடி வீடு கட்டினவளேன்னுதான் அழுவீங்க" என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அவன்தான் வேணுமா? அவன் வேலைய விட்டுட்டுப் போறான்டி. என்கிட்ட சொல்லு, நான் கேட்டு எழுதி அவனுக்கு அனுப்புறேன்" என்றேன்.

"நீ கேக்க மாட்டக்கா" என்றாள். "நீ அழுவ."

அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் அழுதுகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை விடிய வருகிற பஸ்ஸில் வந்துவிடு, தம்பி. நான் பதுளையில் நிற்கிறேன், மடுல்சீமைக்குச் சேர்ந்து போவோம்.

அம்மா